வெட்டுப்பட்ட தென்னைதான் வண்டைக் கூப்பிடுகிறது

ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் உச்சிப்புளிப் பக்கம் இப்போது தோப்புக்குத் தோப்பு பிளாஸ்டிக் வாளி தொங்குகிறது. தென்னையை உள்ளேயிருந்து குடைந்து சாய்க்கிற சிவப்புக் கூன்வண்டைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி. வாளி மூடியின் உட்பக்கம் ஒரு சின்னப் பொட்டலம் கட்டியிருக்கும். அதற்குள் விஷம் எதுவும் இல்லை. ஆண் வண்டு தன் இனத்தைக் கூப்பிட விடுகிற வாசனையைத் தொழிற்சாலையில் செய்து அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"பொறி மாட்டி மாசக்கணக்காச்சு, ஒரு வண்டுகூட விழலையே" என்று என்னிடம் கேட்கிறவர்கள் நிறைய. விலங்கியல் படித்தவள், தோப்பையும் நானே பார்க்கிறேன் என்பதால் கேட்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். பொட்டலம் தொங்கும், வாளி காய்ந்து கிடக்கும். தண்ணீரும் இருக்காது, புளித்த இரையும் இருக்காது. சிலருக்குப் பொறியை விற்ற கடையிலேயே "மாட்டிவிட்டால் போதும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பொட்டலம் பாதிச் சேதிதான். மீதிப் பாதியை மரம் சொல்ல வேண்டும், அல்லது மரத்தின் சார்பில் நாம் வைக்கும் இரை சொல்ல வேண்டும். இது விளங்கினால் பொறி வேலை செய்யும். அதைவிட முக்கியம், எந்தெந்த வேலையால் நாமே வண்டை வரவழைக்கிறோம் என்பதும் விளங்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டைப் பயப்படாமல் கையில் எடுக்கலாம். கால் நகத்தால் விரலை இறுக்கிப் பிடிக்கும், மற்றபடி ஒன்றும் செய்யாது. ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளம், துரு நிறம், கழுத்துப் பக்கம் கறுப்புப் புள்ளிகள், முன்னால் வளைந்த நீள மூக்கு. அந்த மூக்கின் மேல்பக்கம் குட்டை மயிர் அடர்ந்திருந்தால் ஆண். மயிரில்லாமல் வழவழவென்று, கொஞ்சம் மெலிந்து நீண்டிருந்தால் பெண். பெண் அந்த மூக்கால்தான் மரத்தின் மெதுவான இடத்தில் குழி தோண்டி முட்டை வைக்கும். ஒரு பெண் தன் ஆயுளில் 200, 300 முட்டைகூட வைக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் மடங்கிய உணர்கொம்புகள் இருக்கும், அவற்றின் நுனி தடித்திருக்கும். வண்டுக்கு மோப்பம் பிடிக்கிற இடம் அந்தத் தடித்த நுனிதான். விரலில் ஊரும்போது கவனித்தால், அதை விரித்து விரித்துக் காற்றைத் துழாவுவது தெரியும்.

ஆண் வண்டு விடும் வாசனைப் பொருளை 1993இல் கண்டுபிடித்து ஃபெருஜினியால் என்று பெயர் வைத்தார்கள். வேதியியலில் அது 4-மெத்தில்-5-நோனனால். நெல், கத்தரி தோட்டங்களில் வைக்கிற பொறிக்கு ஆண் அந்துப்பூச்சி மட்டும்தான் வரும், ஏனென்றால் அங்கே கூப்பிடுவது பெண். இங்கே கூப்பிடுவது ஆண், வருவது இரண்டும். அதிலும் பெண்ணே அதிகம். இது நமக்கு நல்லது. முட்டை வைக்கப் போகிறவளே வந்து விழுகிறாள்.

ஆனால் ஃபெருஜினியால் மட்டும் வீசினால் வண்டு அவ்வளவாக மதிக்காது. கூடவே அடிபட்ட தென்னையின் சாறு புளிக்கிற வாடை வேண்டும். எத்தில் அசிடேட், ஆல்கஹால் போன்ற பொருள்கள் அந்த வாடையில் இருக்கின்றன. ஏர்வாடிக் கந்தூரியில் மைக்கில் கூப்பிடுவதும் நெய்ச்சோற்று வாசனையும் சேர்ந்து வந்தால் கூட்டம் எப்படி நகருமோ, அப்படித்தான் இதுவும். இரண்டும் ஒரே திசையிலிருந்து வரவேண்டும்.

என் வீட்டுக்காரர் சவூதியில் அல் அஹ்சாவில் பேரீச்சைத் தோட்டத்தில் இருக்கிறார். இந்தக் கரையோரத்தில் வீட்டுக்கு ஒருவர் அப்படி வளைகுடாவில் இருப்பார். அவருக்கும் அங்கே தலைவலி இதே வண்டுதான். தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும்தான் இதன் பூர்வீகம். 1980களின் நடுவில் வளைகுடா நாடுகளில் தலைகாட்டியது. பிறகு எகிப்து, ஸ்பெயின் என்று மத்தியதரைக் கடல் முழுக்கப் பரவிவிட்டது. வண்டு தானாகப் பறந்து அவ்வளவு தூரம் போகாது. கன்றுகளையும் அழகுக்கு வைக்கிற ஈச்ச மரங்களையும் நாடு விட்டு நாடு ஏற்றி அனுப்பியதில் உள்ளே இருந்த புழுவும் கூடவே போனது. போனில் பேசும்போது பாதி நேரம் இந்தப் பேச்சாகத்தான் இருக்கும். அங்கே வாளியைப் பாதி மண்ணில் புதைத்து, தண்ணீரில் பேரீச்சம்பழத்தை ஊறப் போடுகிறார்கள். "பழம் நுரைச்சு வாடை வரணும், அப்பத்தான் விழும். தண்ணி வத்துச்சுன்னா அந்த வாரம் சுத்தமா ஒண்ணும் கிடையாது" என்பார். தாக்குண்ட மரத்தை மோப்பம் பிடிக்க நாய்களைப் பழக்கியும் பார்த்திருக்கிறார்கள். மரத்துக்குள் புழு இருந்தால் வெளியே வாடை மாறும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது நான் படித்த பட்டைவண்டுப் பாடம். பைன், ஸ்புரூஸ் மரக் காடுகளை அழிக்கும் சின்னஞ்சிறு வண்டுகள் அவை. அரிசி மணி அளவுதான் இருக்கும், ஆனால் கூன்வண்டுக்குச் சொந்தக்காரர்கள். 1966இல் சில்வர்ஸ்டீன், ரோடின், வுட் என்ற மூவர் கலிஃபோர்னியாவில் ஐப்ஸ் என்ற பட்டைவண்டின் வாசனையைப் பிரித்தெடுத்தார்கள். ஆண் வண்டு பைன் மரத்தில் துளை போட்டுத் தள்ளிய தூளிலிருந்து மூன்று பொருள்கள் கிடைத்தன. ஒவ்வொன்றாக வைத்தபோது காட்டில் வண்டு வரவில்லை. கலந்து வைத்தபோது வந்தது. பட்டைவண்டு இனக்கவர்ச்சிப் பொருளில் முதலில் கண்டுபிடித்தது இதைத்தான். சேர்ந்தால்தான் பலம் என்ற செய்தி அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அமெரிக்க, கனடா மலைகளில் இருக்கும் மலைப் பைன் வண்டின் கதை இன்னும் நுட்பமானது. அங்கே முதலில் மரத்தைத் துளைப்பது பெண். பைன் மரம் சும்மா இருக்காது, பிசினைப் பீய்ச்சி வண்டை மூழ்கடிக்கப் பார்க்கும். அந்தப் பிசினில் ஆல்ஃபா பைனீன் என்ற பொருள் இருக்கிறது. வண்டைக் கொல்ல மரம் விடுகிற அதே பொருளை வண்டு உள்வாங்கி, டிரான்ஸ் வெர்பினால் என்ற அழைப்பு வாசனையாக மாற்றி வெளியே விடுகிறது. அதோடு பிசின் வாடையும் சேர, ஆணும் பெண்ணும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். ஒன்றிரண்டு வண்டை மரம் சமாளிக்கும். இத்தனை பேர் ஒரே நேரத்தில் துளைத்தால் பிசின் தீர்ந்துபோகும், மரம் சாயும். 1990களின் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கிய பெருந்தாக்குதலில் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேருக்கு மேல் காடு பாதிக்கப்பட்டது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதற்கு அடுத்த கட்டம். மரம் நிரம்பிவிட்டால் வெர்பினோன் என்ற வேறொரு வாசனை கிளம்பும். இடமில்லை, வேறு மரத்தைப் பார் என்று அதற்கு அர்த்தம். புதிதாக வருகிற வண்டு அதை மோந்ததும் விலகிப் போகும். அந்த வெர்பினோனைப் பையில் அடைத்து நல்ல மரத்தில் மாட்டி, வண்டை ஏமாற்றி அனுப்புகிறார்கள். அதேபோல ஸ்புரூஸ் மரத்தைத் தாக்குகிற ஐரோப்பிய வண்டு, பிர்ச் மரத்தின் வாடை வந்தால் ஒதுங்கும். தனக்கு ஆகாத மரம் எது என்பதும் அதற்கு மூக்கால்தான் தெரிகிறது. இந்தப் பேச்சை ஒட்டுக்கேட்கிற எதிரிகளும் உண்டு. பட்டைவண்டின் அழைப்பை மோந்து, அதைத் தின்ன வருகிற வேறு வண்டுகள் இருக்கின்றன. இத்தனை சேதியும் காற்றில், நம் மூக்குக்கு எட்டாத அளவில் நடக்கிறது.

பைன் காடு நமக்கு எட்டாத தூரம் என்று நினைக்க வேண்டாம். காப்பிக் கொட்டையைத் துளைக்கும் வண்டும் பட்டைவண்டு இனம்தான். இந்தியாவில் அது முதலில் தென்பட்டது 1990இல் நம் நீலகிரியில், கூடலூர்ப் பக்கம். காப்பித் தோட்டங்களில் அதைப் பிடிக்க வைக்கிற பொறியில் மெத்தனாலும் எத்தனாலும்தான் கலந்திருக்கும். அங்கேயும் சாராய வாடை!

சரி, தென்னைக்கு வருவோம். பைன் மரத்துக்கும் தென்னைக்கும் ஒரு பெரிய வித்தியாசம். பைனுக்கும் ஸ்புரூஸுக்கும் பிசின் இருக்கிறது, எதிர்த்துப் போராடும். வறட்சியில் பிசின் குறைந்து மரம் தளர்ந்தால்தான் ஸ்புரூஸ் வண்டுக்கு வாய்ப்பு. 2018க்குப் பிறகு ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் காடுகள் அப்படித்தான் காய்ந்தன. தென்னைக்குப் பிசின் கிடையாது. வேம்பு, மா மாதிரி பட்டைக்கு அடியில் புதிதாக வளர்ந்து காயத்தை மூடுகிற அடுக்கும் கிடையாது. தென்னந்தண்டில் பட்ட காயம் பட்டபடியே இருக்கும். ஆகவே கூன்வண்டு நோஞ்சான் மரத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. நன்றாகத் தண்ணீர் பாய்ந்து கொழுகொழுவென்று நிற்கிற மரத்தில் ஒரு புது வெட்டு இருந்தால் போதும். குறிப்பாக 5 வயதிலிருந்து 20 வயது வரை இருக்கிற மரங்களைத்தான் அதிகம் பிடிக்கிறது.

அப்படியானால் வெட்டை யார் போடுகிறார்கள்? பெரும்பாலும் நாம்தான். பச்சை மட்டையை அடியோடு சேர்த்து வெட்டிக் கிடுகு முடைகிறோம். கல்யாணப் பந்தலுக்கும் கோயில் கொடைக்கும் பச்சை ஓலை கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல மனசு வராது. ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் படி வெட்டுகிறோம். ஒயர் கட்ட ஆணி அடிக்கிறோம். டிராக்டர் உரசிவிட்டுப் போகிறது. இதில் எனக்கு ரொம்பக் கோபம் வருவது படி வெட்டுவதில்தான். ஒரே மரத்தில் அடி முதல் தலை வரை காயம், அத்தனையிலும் சாறு, அத்தனையும் புளிக்கும். எங்கள் தோப்பில் படி வெட்டக் கூடாது என்று நான் சொன்னதற்கு மரமேறும் பெரியவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. "தளைக்கயிறு போதும் தாயி. பனைக்கு யாரு படி வெட்டுறா?" என்றார். அவர் சாயல்குடிப் பக்கம் பனையேறி வளர்ந்தவர். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துப்போகும், பூச்சியும் வண்டும் கலயத்தைச் சுற்றி மொய்க்கும் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். நான் எத்தில் அசிடேட் என்று சொல்வதை அவர் கலயத்தில் கண்ணால் பார்த்திருக்கிறார்.

நாம் வெட்டாவிட்டாலும் காண்டாமிருக வண்டு வெட்டும். கொம்பு வண்டு என்றால் எல்லோருக்கும் தெரியும். அது குருத்தைத் துளைக்க, விரிகிற ஓலை விசிறி வெட்டு வெட்டியது போல வரும். அந்தத் துளையே கூன்வண்டுக்கு வாசல். ஒருவர் கதவைத் திறந்துவிட்டுப் போக, மற்றவர் குடியேறுகிறார். அதனால் கூன்வண்டை மட்டும் கவனித்துவிட்டுக் கொம்பு வண்டை விட்டால் பயனே இல்லை.

மாமாவின் தோப்பில் இப்படி விழுந்த ஒரு மரத்தின் தலையைப் பிளந்து பார்த்தோம். வெளியே அடையாளம் முன்பே இருந்திருக்கிறது. தண்டில் ஒரு பொத்தல், அதிலிருந்து வழிந்து காய்ந்த செம்பழுப்புச் சாறு, மென்று துப்பிய நார். நடுக்குருத்து மஞ்சளாகி வாடியிருந்தது. பிளந்ததும் குப்பென்று புளித்த கள் வாடை, எல்லோரும் ஒரு அடி பின்னால் போனோம். உள்ளே குருத்து இருந்த இடம் கூழாகிக் கிடந்தது. அதில் கால் இல்லாத தடித்த புழுக்கள், வெண்மஞ்சள் உடம்பு, பழுப்புத் தலை. கட்டைவிரல் பருமன் இருக்கும். ஓரமாக நாரைச் சுற்றிச் சுற்றிப் பின்னிய கூடுகள், ஒன்றைப் பிரித்தால் உள்ளே புது வண்டு மூக்கை நெஞ்சோடு மடித்துப் படுத்திருந்தது. மாமா ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அவர் கையால் நட்ட மரம் அது. அப்புறம் அவரே "இதை இப்படியே போட்டா பக்கத்து மரத்துக்கும் போகும்" என்று சொல்லி, துண்டு போட்டு எரிக்க வைத்தார். அதுதான் சரியான வேலை. பிளந்து போட்ட ஈர மரம் ஊருக்கே அழைப்பு அனுப்பிக்கொண்டிருக்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னையைச் சாய்த்தபோது விழுந்த மரங்களைச் சீக்கிரம் அப்புறப்படுத்தச் சொன்னதன் காரணமும் இதுதான். சாய்ந்த மரம் பச்சையாக இருக்கும்வரை கூன்வண்டுக்கு விருந்து, மக்கத் தொடங்கியதும் கொம்பு வண்டுக்குத் தொட்டில். ஸ்வீடனில் 2005 ஜனவரியில் வந்த குட்ரூன் புயல் 7 கோடியே 50 லட்சம் கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. அதன் பின்னால் பட்டைவண்டு பெருகி, நின்ற மரங்களையும் தாக்கியது. ஊர் வேறு, மரம் வேறு, நடந்தது ஒன்று.

இனி பொறிக்கு வருகிறேன். வாளியின் மேல்பகுதியில் சுற்றிலும் நாலு ஓட்டை, வெளிப்பக்கம் சாக்குச் சுற்றியிருக்க வேண்டும். இந்த வண்டு நேராக ஓட்டைக்குள் பறந்து போகாது. வாளியில் மோதி, பிடித்து ஏறித்தான் உள்ளே போகும். வழுக்குகிற பிளாஸ்டிக்கில் அதற்குக் கால் நிற்காது. உள்ளே தண்ணீர், அதில் புளிக்கிற இரை. கள் நல்ல இரை, ஆனால் நம் மாநிலத்தில் கள்ளுக்குத் தடை. நான் கருப்பட்டித் தூளையும் உடைந்த கட்டிகளையும் தண்ணீரில் கரைத்து, ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு, நீளவாக்கில் கீறிய இளம் மட்டைத் துண்டுகளையும் போடுகிறேன். அன்னாசித் தோல் கிடைத்தால் அதுவும். வாரத்துக்கு ஒருமுறையாவது பார்த்துத் தண்ணீர் சேர்க்க வேண்டும், 10 நாளைக்குள் இரையை மாற்ற வேண்டும். வெயில் படும் இடத்தில் மாட்டினால் பொட்டலம் சீக்கிரம் தீர்ந்துபோகும். நம் ஊர் வெயிலில் அட்டையில் போட்டிருக்கிற மாதக் கணக்கை நம்பாதீர்கள். நிழலில் மாட்டுங்கள்.

காற்றையும் பார்க்க வேண்டும். வாசனை காற்றோடு இழைந்து போகும், வண்டு அந்த இழையைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிராகப் பறந்து வரும். இழை அறுந்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்து தேடும். கச்சான் அடிக்கிற மாதங்களில் மேற்கு, தென்மேற்கிலிருந்து காற்று வரும், வாடைக் காலத்தில் வடகிழக்கிலிருந்து. இரண்டு காலத்துக்கும் பொறி ஒரே மூலையில் இருந்தால், ஒரு காலத்தில் அது தோப்புக்கு வெளியிலிருக்கும் வண்டைத் தோப்பைக் கடந்து வரச் சொல்லும். நான் காலத்துக்கேற்ப இடம் மாற்றுகிறேன். எப்போதும் ஓரத்தில்தான், அதுவும் வேம்பிலோ பூவரசிலோ. தென்னையிலேயே பொறியைக் கட்டுவதைத் தயவுசெய்து விடுங்கள். அழைப்புக்கு வருகிற வண்டு எல்லாம் வாளிக்குள் விழாது. சில, பக்கத்தில் இருக்கும் மரத்தில் இறங்கிவிடும். அந்த மரத்தில் பச்சைக் காயம் இருந்தால் முடிந்தது.

இதை வைத்துத்தான் எல்லைத் தோப்புச் சித்தப்பா ஒருநாள் என்னிடம் வந்தார். "உன் வாளி ஊர் வண்டையெல்லாம் இழுத்து என் மரத்துல விடுதும்மா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு தோப்பில் மட்டும் பொறி இருந்தால் அப்படி நடக்க வாய்ப்பு உண்டு. அவரிடம் ஃபெருஜினியாலைப் பற்றி எல்லாம் பேசவில்லை. இரண்டு பேருமாக எல்லையில் உள்ள கன்றுகளைச் சுற்றி வந்து, எதிலெல்லாம் புது வெட்டு இருக்கிறதென்று பார்த்தோம். அவர் தோப்பில் அந்த வாரம்தான் மட்டை கழித்திருந்தார்கள், தண்டோடு ஒட்ட. இப்போது அவரும் பொறி வைத்திருக்கிறார், எல்லையை விட்டுத் தள்ளி. மட்டை வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தண்டிலிருந்து நாலு அடி விட்டு வெட்டச் சொல்லியிருக்கிறார். அடிமட்டை தானாகக் காய்ந்து விழட்டும். பச்சைக் காயம் பட்டுவிட்டால் அன்றைக்கே தார் அல்லது போர்டோப் பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) பூசிவிட வேண்டும். வாடை வெளியே போகாவிட்டால் வண்டுக்கு வழி தெரியாது.

தென்னைக்கு ஒரு வெர்பினோன் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். கன்றின் குருத்தில் ஒரு பை மாட்டினால் வண்டு திரும்பிப் போகிற மாதிரி. அந்தப் பொருளுக்காக நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் அதிகம் உழைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை கைக்கு எட்டுகிற வேலைகள் இருக்கின்றன. கொம்பு வண்டின் புழு வளர்வது சாணக் குப்பையிலும் மக்கிய தண்டிலும்தான். எருக்குழியை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளறிப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். இளங்கன்றின் மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து வையுங்கள். கொம்பு வண்டுக்கும் தனியாக இனக்கவர்ச்சிப் பொட்டலம் உண்டு, அது வேறு பொருள். கூன்வண்டுப் பொட்டலத்தை மாட்டிவிட்டுக் கொம்பு வண்டு வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம், வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். பெரியபட்டினம், மண்டபம் பக்கம் யாராவது தோப்பில் பொறி வைத்திருந்தால், விழுந்த வண்டில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று மூக்கைப் பார்த்து எண்ணி எனக்கு எழுதுங்கள். எந்த மாதம், எந்தக் காற்று, என்ன இரை என்பதையும் சேர்த்து எழுதினால் எனக்கு ரொம்ப உதவியாக இருக்கும்.